தெரியாது என்று சொன்ன நாள்

எங்கள் குப்பத்தில் முதல் இஞ்சின் காணாமல் போனபோது அதைத் திருட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் தம்பிதான் எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று போட்டுக்காரர் இரண்டு நாள் அவனோடு சண்டை போட்டார். அடுத்த வாரம் ஒரே கரையில் மூன்று இஞ்சின்கள் போயின. ஃபைபர் போட்டுகள் மணலில் கிடந்தபடியே கிடந்தன, பின்பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தது. இஞ்சின் இல்லாத போட்டை வைத்துக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்ட முடியாது. மூன்று வீட்டுப் பெண்களும் கரையில் உட்கார்ந்து சாவு வீட்டில் அழுவது மாதிரி அழுதார்கள்.

நான் இஞ்சின் மெக்கானிக். பழவேற்காடு பஜாரில் கடை. குப்பத்திலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற போட்டு இஞ்சின்களில் பாதியை நான் ஒரு முறையாவது பிரித்துப் பார்த்திருப்பேன். பசியாவரத்திலிருந்து வருவார்கள், சுண்ணாம்புக்குளத்திலிருந்து வருவார்கள், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சூளூர்ப்பேட்டை வரைக்கும் எனக்கு ஆட்கள் உண்டு. ஒரு இஞ்சினைப் பார்த்தால் அது யாருடையது என்று நம்பர் பார்க்காமலே சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் திருட்டு மட்டும் இல்லை. பஜாரில் என் கடைக்கு எதிரிலேயே பட்டப்பகலில் இரண்டு பேர் கத்தி எடுத்தார்கள். இருவருக்கும் இருபது வயசு இருக்கும். கஞ்சா விற்கிற இடத்துக்காகச் சண்டை என்று பிறகு சொன்னார்கள். ஒருவனுக்குத் தோள்பட்டையில் வெட்டு. அவன் என் கடை வாசலில் வந்து விழுந்தான். நான் ஷட்டரை இறக்கினேன். உள்ளே இருட்டில் நின்றபடி அவன் ஷட்டரைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவன் பிழைத்துவிட்டான்.

அதற்கடுத்த மாதம் காலை ஆறரை மணிக்கு, எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அக்கா எறாக் கூடையோடு பாலத்து ரோட்டில் நடந்து போனார். பைக்கில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். சங்கிலி அறுபடவில்லை. பிடித்தவனும் விடவில்லை. பத்து பதினைந்து அடி தூரம் அந்த அக்காவைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே போனார்கள். நான் அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தூக்கியவர்களில் நானும் ஒருவன். முட்டியிலிருந்து இடுப்பு வரை தோல் இல்லை. கழுத்தைச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கியது மாதிரி ஒரு கோடு. அந்த அக்கா சிதறிக் கிடந்த எறாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் கோயில் எதிரே ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஸ்டேஷனில் இருப்பதே ஏழெட்டு போலீஸ்காரர்கள், அவர்களை நம்பி எத்தனை குப்பம் இருக்கிறது, நம்ம ஊரை நாமதான் பார்த்துக்கணும் என்று பேசினார்கள். யாரும் மறுக்கவில்லை. ரோட்டிலிருந்து குப்பத்துக்குத் திரும்புகிற இடத்தில் தார்ப்பாய் போட்டு ஒரு கொட்டகை. பகலில் நாலு பேர், ராத்திரியில் எட்டு பேர் என்று முறை. ஃபோனில் ஒரு குரூப். வெளியாள் யார் வந்தாலும் ஃபோட்டோ எடுத்து அதில் போட வேண்டும். இதற்கெல்லாம் தலைமை என் மச்சான், என் மனைவியின் அண்ணன். காணாமல் போன மூன்று இஞ்சின்களில் ஒன்று அவருடையது.

நான் அந்தக் காவலில் முதலில் சேரவில்லை. கடையை விட்டு வர முடியாது என்று சொன்னேன். அதுதான் வினையாகப் போனது.

எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், போட்டும் அந்தக் கரையில்தான் நின்றது. அதன் இஞ்சின் மட்டும் திருடு போகவில்லை. பிஸ்டன் மாற்றுவதற்காக அதை நான் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன், அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஊரில் கணக்கு வேறு மாதிரி போட்டார்கள். திருடின இஞ்சினை அப்படியே விற்க முடியாது, பிரித்துப் பாகம் பாகமாகத்தான் விற்க வேண்டும், பிரிக்கத் தெரிந்தவன் யார்? குரூப்பில் ஒருவன் இதைக் கேள்வியாகவே போட்டான். என் பெயரைப் போடவில்லை. கீழே இருபது பேர் கட்டைவிரல் உயர்த்தின படம் போட்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு ஐந்து பேர் வந்தார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள். ஒருவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். டிரம்மையெல்லாம் கவிழ்த்தார்கள். ஆயில் தரையெல்லாம் ஓடியது. பரண் மேலிருந்த பழைய பாகங்களை இழுத்துக் கீழே போட்டார்கள். என்னோடு படித்தவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, மரியாதையா சொல்லிடு என்றான். எனக்கு மூச்சு முட்டியது. அவன் கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அவன் அண்ணன் போட்டும் மொட்டையாக நின்றுகொண்டிருந்தது.

மச்சான் வந்துதான் அவர்களை வெளியே தள்ளினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் ஓடின ஆயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாப்ள, நீ ஒதுங்கி நிக்கறதாலதான் பேசறானுங்க. வந்து எங்ககூட நில்லு. நின்னுட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

நான் போய் நின்றேன்.

கொட்டகையில் ஆளுக்கொரு சவுக்குக் கட்டை கொடுத்தார்கள். முதல் வாரம் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு டீ குடித்ததோடு சரி. பிறகு பழைய இரும்பு எடுக்க வந்த ஒருவரை நிறுத்தினோம். அவர் வண்டியில் ஒரு போட்டு நங்கூரம் இருந்தது. துருப்பிடித்த நங்கூரம், யாரோ தூக்கிப்போட்டது. ஒருவன் அறைந்தான், அவர் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஏரியைப் பார்க்க வந்த ஒரு ஜோடி. பையனை முட்டி போட வைத்தார்கள். அந்தப் பெண் அழுதது இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிறது. அதற்கப்புறம் அடிக்காமல் யாரையும் அனுப்பியதாக ஞாபகம் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் முன்னால் நின்றேன். முன்னால் நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நல்ல தூக்கம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மனிதர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என் கடை லீவு.

பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் ஒரு கோணியைச் சுமந்துகொண்டு தலை குனிந்தபடி நடந்து வந்தார். கோணி கனமாக இருந்தது என்பது நடையிலேயே தெரிந்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும். கொட்டகையிலிருந்து பார்த்தபோதே எனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. சூளூர்ப்பேட்டைப் பக்கத்து மீன்காரர். அதற்கு முந்தின வருஷம் இஞ்சின் ரிப்பேருக்கு வந்து, பாகம் கிடைக்காமல் இரண்டு நாள் காத்திருந்தவர். லாட்ஜில் தங்க வேண்டாம் என்று நான்தான் வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் மனைவி நண்டுக் குழம்பு வைத்துப் போட்டாள். அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவரைத் தெரியும் என்று அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் ஒருவன் கோணியைப் பிடித்து இழுத்துவிட்டான். கட்டு அவிழ்ந்து, உள்ளே இருந்தது மண்ணில் விழுந்தது. ஒரு இஞ்சினின் தலைப்பகுதி.

 எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவருக்குத் தமிழ் சுமாராகத்தான் வரும். இது தன்னுடையது, ரிப்பேருக்குக் கொண்டுவந்தேன் என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். யாரிடம் ரிப்பேர் என்று மச்சான் கேட்டார். மெக்கானிக்கிடம், கடை பூட்டியிருந்தது, அதனால் வீட்டுக்கு வந்தேன் என்றார். முதல் அடி அப்போது விழுந்தது, முதுகில். அவர் திரும்பினார். அடித்தவனுக்குப் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பிழைத்தோம் என்கிற சிரிப்பு.

"மெக்கானிக் அன்னா. நீங்க செப்பண்டி அன்னா, சொல்லுங்க இவங்களுக்கு."

மச்சான் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் மெதுவாக இருந்தது.

"மாப்ள, இவன உனக்குத் தெரியுமா?"

என்னோடு படித்தவன் கட்டையைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். தெரியும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். திருட்டு இஞ்சினை என்னிடம் பிரிக்கக் கொண்டுவந்தவன் என்று ஆகும். டிரம் உருண்டது, ஆயில் ஓடியது, கழுத்தை அழுத்தின கை, எல்லாம் ஒன்றாக வந்தது.

"தெரியாது" என்றேன்.

அவர் அதைப் புரிந்துகொள்ளாத மாதிரி நின்றார். ஆறேழு பேர் ஒரே சமயத்தில் அவர் மேல் விழுந்தார்கள். கட்டையால், காலால், கைக்குக் கிடைத்ததால். ஃபோனில் செய்தி போய், குப்பத்துக்குள்ளிருந்து இன்னும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அடிபடுகிறவர் திருடனா என்று வந்தவர்கள் கேட்கவில்லை. பாலத்து ரோட்டில் இழுபட்ட அக்காவின் புருஷனும் வந்தார். அவர் எந்தச் சண்டைக்கும் போகாத மனிதர். கல்லை எடுத்து முகத்தில் அடித்தது அவர்தான்.

அந்த ஆள் தவழ்ந்து தவழ்ந்து என் பக்கம்தான் வந்தார். கூட்டத்தில் தெரிந்த முகம் என் முகம் ஒன்றுதானே. முகமெல்லாம் ரத்தம். என் கைலியின் ஓரத்தை வலது கையால் பிடித்தார். அன்னா, அன்னா என்றார்.  நான் கைலியை இழுத்தேன், வரவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று பதறினேன். கையிலிருந்த சவுக்குக் கட்டையால் அந்த விரல்கள் மேல் அடித்தேன். ஒரு முறை இல்லை. விடும் வரைக்கும் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியும், சின்ன வயசில் என் கையே ஒரு முறை முறிந்திருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் ஒரு அடி அடித்தேன்.

அதற்குள் பெண்கள் சிலர் வந்துவிட்டார்கள். அவர்களில் என் மனைவியும் இருந்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கீழே கிடந்தவரைப் பார்த்தாள். முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, அந்த அளவுக்கு இருந்தது. மண்ணில் கிடந்த இஞ்சினைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாளோ, அவர் அன்னா என்று முனகியதைக் கேட்டுக் கண்டுபிடித்தாளோ, எனக்குத் தெரியவில்லை.

"இது நம்ம வூட்ல ரெண்டு நாள் சாப்ட்டுட்டுப் போன ஆளு" என்றாள். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, என் கையிலிருந்த கட்டையைப் பார்த்து, "இன்னா பண்ணி வெச்சிருக்க நீ" என்றாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஒவ்வொருவராகக் கட்டையைக் கொட்டகை ஓரம் போட்டுவிட்டு நழுவினார்கள். என் மனைவி மண்ணில் உட்கார்ந்து, முந்தானையைக் கிழித்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினாள். ரோட்டில் போன ஷேர் ஆட்டோவை மறித்து நிறுத்தினாள். அவளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து அவரைத் தூக்கி வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கூடப் போகவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. கொட்டகையில் நானும் அந்த இஞ்சின் தலையும் மட்டும் இருந்தோம். அதில் நான் முன்பு மாற்றின போல்ட்டுகள் இருந்தன. மற்றவை துருப்பிடித்திருந்தன, நான் போட்டவை மட்டும் வெள்ளையாக இருந்தன.

பொன்னேரியிலிருந்து அவரைச் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடது கண் போய்விட்டது. போலீஸ் வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தோம் என்று ஊரே சொன்னது. என் மனைவியிடம் விசாரித்தபோது, அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனேன், அடித்தவர்கள் யார் என்று என் புருஷனைக் கேளுங்கள் என்று சொன்னாள். போலீஸ் என்னைக் கேட்டது. நான் கடைசியாக வந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அன்றிலிருந்து அவள் எனக்குச் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. அவள் அண்ணன் வந்து இரண்டு முறை அவளை மிரட்டிவிட்டுப் போனார். அவரோடும் அவள் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் எளாவூர் செக்போஸ்ட்டில் ஒரு மினி லாரி பிடிபட்டது. வைக்கோலுக்குக் கீழே பதினொரு இஞ்சின்கள். ஓட்டியவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள், எங்கள் பக்கத்து ஆட்களே இல்லை. இஞ்சின்களை ஸ்டேஷன் வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு நாலைந்து குப்பத்து ஜனம் திருவிழாவுக்குப் போவது மாதிரி போனது. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். எல்லோரும் என் பெயரைச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்னைத் திருடன் என்றவர்களே ஆள் அனுப்பி என்னைக் கூட்டிப்போனார்கள்.

ஒவ்வொரு இஞ்சினாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். இது பசியாவரத்துப் பெரியவருடையது, மூடியில் விரிசல் இருக்கும். இது என்னோடு படித்தவனின் அண்ணனுடையது. ஐந்தாவது மச்சானுடையது. சொன்னதும் மச்சான் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், யாரோ டீ வாங்கிக்கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சந்தோஷமாக என் முதுகில் தட்டினார். அப்போதுதான் ஸ்டேஷன் சுவரோரம் கோணி போட்டு மூடி வைத்திருந்த ஒரு இஞ்சின் தலை என் கண்ணில் பட்டது. அதன் மேல் வேறு கேஸ் நம்பர் எழுதின அட்டை கட்டியிருந்தது.

"இன்னா மெக்கானிக், அது யாருதுன்னு தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், என்னைச் சிக்க வைக்கக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தெரியும் என்றேன். சூளூர்ப்பேட்டைக்காரருடையது, போன வருஷம் நான்தான் ரிப்பேர் பண்ணினேன், அன்றைக்கு என்னைப் பார்க்கத்தான் வந்தார், அவர் விரலை அடித்து முறித்தது நான் என்றேன். மச்சானின் கை இன்னும் என் தோள் மேல் இருந்தது. அது மெதுவாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் என்னை உள்ளே வரச் சொன்னார். மற்றவர்கள் பெயரையும் கேட்டார், சொன்னேன். கல்லால் அடித்தவர் பெயரை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அவர் மனைவியை ரோட்டிலிருந்து தூக்கிய கை இது. அதையும் சொன்னேன்.

வாக்குமூலம் எழுதி வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் வரச் சொல்லி அனுப்பினார்கள். கடை வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டரைத் திறக்கக்கூட விடவில்லை. மச்சான்தான் முதலில் அடித்தார். வாயில் அடித்தார், கையில் ஏதோ சாவி வைத்திருந்தார் போலிருக்கிறது, முன்பற்கள் இரண்டு அங்கேயே விழுந்தன. கீழே விழுந்த பிறகு யார் யார் உதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டது. என் ஸ்பேனர் பெட்டியையும் கழற்றி வைத்திருந்த பாகங்களையும் அள்ளிக்கொண்டு போய் ஏரியில் போட்டார்கள். பஜாரில் அப்போது நூறு பேராவது இருந்திருப்பார்கள். எதிர்க் கடையில் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது.

எட்டுப் பேரை ரிமாண்ட் பண்ணினார்கள். எட்டுப் பேரும் ஒரே வேனில் புழலுக்குப் போனோம். நான் மச்சானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லால் அடித்தவர் மட்டும் பொன்னேரி தாண்டியதும் என்னிடம் பேசினார். அந்த ஆளுக்குப் பிள்ளைங்க இருக்கா என்று கேட்டார். ரெண்டு பெண் குழந்தைங்க என்றேன். 

ஜாமீனில் வந்ததும் நானும் மனைவியும் சூளூர்ப்பேட்டைப் பக்கம் அவர் ஊருக்குப் போனோம். வக்கீல் போகக்கூடாது என்றுதான் சொன்னார். கோர்ட்டிலிருந்து விடுவித்த அந்த இஞ்சினின் தலைப்பகுதி அவர் வீட்டு முன்னால் கிடந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் பஞ்சு. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையால் இனிக் கயிறு பிடிக்க முடியாது, வலை இழுக்க முடியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். பயந்துகொண்டுதான் போனார். 

அவர் மனைவி வெளியே வந்தார். என் மனைவிக்கு உட்காரப் பாய் போட்டார், தண்ணீர் கொடுத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே, அந்த இஞ்சினைச் சரி செய்து கொடுக்கிறேன், அவர் தம்பி வைத்து ஓட்டட்டும் என்றேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில்தான் சொன்னேன். அந்த அம்மா அமைதியாகப் பதில் சொன்னார்.

"உங்க கை இது மேல பட வேணாம். உங்ககிட்ட கொண்டு வந்ததுக்குத்தான் அவர் இப்படி இருக்கார்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். எளாவூர் வந்தபோது, முதல் முறையாக அவளாகவே என்னிடம் பேசினாள். அன்றைக்கு நான் வராமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பாயா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

கேஸ் நடந்தபோது நான் குற்றத்தை ஒத்துக்கொண்டேன். எனக்கு ஒரு வருஷம் தண்டனை. முடித்து வந்த பிறகு மற்றவர்கள் கேஸில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவரும் அன்றைக்குத்தான் சாட்சி சொல்ல வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூண்டில் நின்று தெலுங்கில் சொன்னதை ஒருவர் தமிழில் சொன்னார். ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல், முகமெல்லாம் ரத்தமாக இருந்தது என்கிறீர்களே, யார் அடித்தார்கள் என்று எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். அவர் மொழிபெயர்ப்பவரைப் பார்த்துச் சொன்னார்.

"ரத்தம் பிறகுதான் வந்தது. அதுவரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைத் தெரியாது என்று மெக்கானிக் சொன்னதற்கு அப்புறம் யார் அடித்தால் என்ன என்று ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பக்கம்தான் போனேன். அவர் மறந்துபோய்ச் சொல்லிவிட்டாரோ என்று நினைத்தேன்."

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். எனக்கு அது காதில் விழுந்தது, நகர முடியவில்லை.

மச்சானுக்கும் கல்லால் அடித்தவருக்கும் தண்டனை கிடைத்தது. மற்றவர்களை விட்டுவிட்டார்கள், யார் எங்கே அடித்தார்கள் என்பதற்குப் போதுமான சாட்சி இல்லை என்று. என்னோடு படித்தவனும் விடுதலை. இப்போது என்னைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவான். குப்பத்துத் திருப்பத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கம்பத்தில் இரண்டு கேமரா மாட்டியிருக்கிறார்கள். போலீஸ் பைக் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து போகிறது. திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம்கூடப் பாலத்து ரோட்டில் ஒரு சங்கிலி போனது. அன்றைக்கு ஃபோன் குரூப்பில் மறுபடியும் கட்டை தூக்க வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். நான் அந்தக் குரூப்பில் இல்லை, மனைவிதான் வாசித்துக் காட்டினாள். அவள் அதில் பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை. மறுநாள் எங்கள் வீட்டு ஓட்டின் மேல் இரண்டு கல் விழுந்தது.

கடையைத் திரும்பத் திறந்துவிட்டேன். முன்பு போல ஆட்கள் வருவதில்லை. வருகிறவர்கள் இஞ்சினை வைத்துவிட்டு வெளியிலேயே நிற்கிறார்கள். ஆந்திராப் பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை.

மச்சான் உள்ளே போன வாரத்திலிருந்து என் மனைவி தினமும் ஒரு தூக்கில் குழம்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறாள். அண்ணியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் நாள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்து, புருஷனைக் காட்டிக்கொடுத்தவன் வீட்டுச் சோறு வேண்டாம் என்று அண்ணி மூடிவிட்டார். பத்துப் பதினைந்து நாள் இப்படியே போனது. அவள் தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டு வருவாள், சாயங்காலம் போய் நாய் உருட்டிவிட்ட தூக்கை எடுத்து வருவாள். நேற்று தூக்கு படியில் இல்லை. கழுவிக் கவிழ்த்துத் திண்டு மேல் வைத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து, இன்றைக்கு அண்ணி வீட்டு நாலு பேரையும் சேர்த்து ஆறு பேருக்கு உலை வை என்று என்னிடம் சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனாள்.